பேட்டைக் கடையில் பாவும் குவேயும் வாங்குவது எப்படி? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன சீன பேக்கரி இருக்கிறது. காலை ஆறரை மணிக்கெல்லாம் அடுக்கடுக்கான ஆவிப் பாத்திரங்களிலிருந்து வெண்புகை கிளம்பும். வேலைக்குப் போகிறவர்கள் நின்று, கையைக் காட்டி, இரண்டு மூன்று வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். நான் நான்கு மாதம் அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். எதில் இறைச்சி இருக்கிறது, எதற்கு என்ன பெயர், எப்படிக் கேட்பது, ஒன்றும் தெரியாது. ஐந்தாவது மாதம் துணிந்து போய் "வெஜிடபிள் பாவ்" (பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த மாவு உருண்டை) என்று ஒன்று வாங்கினேன். பாதி தின்ற பிறகுதான் காய்கறிக்குள் உலர்ந்த இறால் கிடப்பது தெரிந்தது. நான் சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவேன். அன்றைக்கு முழுவதும் மனம் ஆறவில்லை.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் அது காய்கறி பாவ்தான். எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சைவம், அசைவம், ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர்கள் என எல்லாருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

1. எந்தக் கடைக்குப் போவது

கடைத்தொகுதியில் இருக்கும் பளபளப்பான ரொட்டிக் கடையை நான் சொல்லவில்லை. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளின் கீழே, ஈரச்சந்தையின் ஓரத்தில், உணவங்காடி நிலையத்துக்குள், காப்பிக்கடையின் ஒரு மூலையில் இருக்கும் கடைகளைத் தேடுங்கள். வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஆவி அடித்துக்கொண்டிருக்கும். அது பாவ் கடை. பக்கத்தில் ஒரு மேசையில் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று வாழையிலைத் துண்டின் மேல் பலகாரங்கள் அடுக்கியிருந்தால் அது குவே. பல கடைகளில் இரண்டும் இருக்கும்.

பாவ் என்றால் கோதுமை மாவை ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த உருண்டை. குவே என்பது பெரும்பாலும் அரிசி மாவு, ஒட்டரிசி மாவு, மரவள்ளி மாவு ஆகியவற்றில் செய்யும் பலகாரங்களுக்கெல்லாம் பொதுப்பெயர். இனிப்பும் உண்டு, காரமும் உண்டு. சீனர், மலாய்க்காரர், பெரனாக்கான் (சீன-மலாய்க் கலப்பு மரபினர்) வீடுகளிலிருந்து வந்த குவே எல்லாம் ஒரே மேசையில் கலந்தே இருக்கும். ஆகவே "சீனக் கடைதானே" என்று எல்லாவற்றையும் ஒன்றாக எடைபோடாதீர்கள்.

2. எத்தனை மணிக்குப் போவது

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போவதுதான் நல்லது. பாவ் மாலை வரைகூடக் கிடைக்கும், ஏனென்றால் தொடர்ந்து வேகவைப்பார்கள். குவே அப்படி இல்லை. விடியுமுன்பே செய்து கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். சனி, ஞாயிறில் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் நல்லதெல்லாம் போயிருக்கும்.

மூன்று பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பல கடைகள் விடுமுறை. உணவங்காடி நிலையங்களைத் துப்புரவுப் பணிக்காக அவ்வப்போது மொத்தமாக மூடுவார்கள், அறிவிப்பு முன்னதாகவே தூணில் ஒட்டியிருக்கும். அப்புறம் சீனப் புத்தாண்டு. அதற்கு முந்தைய வாரம் கடையில் நிற்க இடம் இருக்காது, புத்தாண்டு பிறந்ததும் பல நாள் கதவே திறக்காது. ஏப்ரல் தொடக்கத்தில் முன்னோரை வணங்கும் சிங் மிங் நாளிலும், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்திலும் படையலுக்காகக் குவே நிறைய விற்கும். வகைகள் நிறையப் பார்க்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை வேலைக்குப் போகிறவர்களின் வரிசை. அந்த நேரத்தில் கடைக்காரரிடம் நின்று ஒவ்வொன்றாக விசாரித்தால் அவருக்கும் கஷ்டம், பின்னால் நிற்பவருக்கும் கஷ்டம். முதல் தடவை ஒன்பது மணி வாக்கில் போங்கள். அப்போது கடைக்காரருக்கு நமக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

3. கையில் என்ன இருக்க வேண்டும்

சில்லறை. இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. ஒன்றரை வெள்ளி (இங்கே டாலரை வெள்ளி என்பார்கள்) பாவுக்கு ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினேன், காலை எட்டு மணிக்கு, வரிசையின் நடுவில். அவரிடம் மீதி இல்லை, என்னிடம் வேறு இல்லை. பத்து வெள்ளிக்கு இரண்டு வெள்ளி நோட்டுகளும் கொஞ்சம் காசும் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கடை முன்னால் ஒரு கியூஆர் அட்டை தொங்கும். பேநவ் என்கிற கைப்பேசிவழிப் பணமாற்று முறையில் கட்டலாம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்கக் கடவுச்சீட்டு, வேலை அனுமதி அட்டை அல்லது மாணவர் அனுமதி, முகவரிச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சிங்பாஸ் (அரசின் மின்னடையாளக் கணக்கு) வந்துவிட்டால் பல வங்கிகளில் கைப்பேசியிலேயே வேலை முடியும். அதுவரை ரொக்கம்தான். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள், "யூபிஐக்கும் பேநவ்வுக்கும் இணைப்பு வந்துவிட்டதே" என்று நம்பி வராதீர்கள். 2023 பிப்ரவரியில் தொடங்கிய அந்த இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதற்கானது. கடை வாசலில் அதை நம்பி நிற்க முடியாது. கடன் அட்டையைப் பல சின்னக் கடைகளில் வாங்கமாட்டார்கள்.

"சிடிசி வவுச்சர் ஏற்கப்படும்" என்று ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். அது சிங்கப்பூர்க் குடிமக்கள் இருக்கும் குடும்பங்களுக்கு அரசு தருவது. வேலை அனுமதியில் வந்த நமக்கு இல்லை.

விலை: நான் வாங்கும் பேட்டைக் கடைகளில் சின்ன பாவ் 1 வெள்ளியிலிருந்து 1.50 வெள்ளி வரை. பெரிய பாவ் 2 முதல் 3 வெள்ளி. குவே ஒன்று பெரும்பாலும் 1 வெள்ளியை ஒட்டி, சூன் குவே போன்ற காரவகை 1.50 வரை போகும். கடைத்தொகுதிக்குள் போனால் அதே பலகாரம் கூடுதல் விலை. எழுதியிருக்கும் விலையைக் கொடுத்தால் போதும், டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

ஒரு டப்பாவும் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்ட சூடான பாவ் ஆவி வேர்த்து, மேல்தோல் நசநசவென்று ஆகிவிடும்.

4. பாவ்: உள்ளே இருப்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுகொள்வது

மேலே வழவழவென்று உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் இனிப்பு. கொசுவம் வைத்த மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தால் பெரும்பாலும் இறைச்சி அல்லது காய்கறி. மேலே வெடித்துத் திறந்து, செக்கச்சிவந்த பூரணம் எட்டிப் பார்த்தால் அது சார் சியூ பாவ், பன்றி இறைச்சி. சில கடைகளில் சிவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு வைத்து அடையாளம் காட்டுவார்கள். ஆனால் ஒரு கடையில் சிவப்புப் பொட்டு பயறு என்றால் அடுத்த கடையில் வேறாக இருக்கும். பொட்டை நம்பி வாங்காதீர்கள்.

டாவ் சார் பாவ்: இனிப்புப் பயறு விழுது. முதல் தடவைக்கு இதைத்தான் சொல்வேன். சிவப்புப் பயறை வேகவைத்து, சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துக் கிளறிய பூரணம். கடலைப்பருப்புப் பூரணம் தின்று வளர்ந்த நாக்குக்கு இது உடனே பிடித்துப்போகும். ஏலக்காய் மட்டும்தான் இருக்காது. கேட்க வேண்டியது ஒன்று: பழைய முறையில் இந்த விழுதைப் பன்றிக் கொழுப்பில் கிளறுவார்கள். இப்போது பெரும்பாலும் தாவர எண்ணெய்தான், என்றாலும் கேட்டுவிடுங்கள்.

தாமரை விதை விழுது வைத்த பாவும் இனிப்பு. டாவ் சாரைவிட மென்மை, நிறம் வெளிர்.

கஸ்டர்ட் பாவ்: முட்டை, பால், வெண்ணெய். உப்பிட்ட முட்டைக் கருவோடு ஒழுக ஒழுக வரும் ஒரு வகையும் உண்டு. அதைச் சூடாகக் கடித்தால் உதடு வெந்துவிடும், இரண்டு நிமிடம் பொறுங்கள்.

மந்தோ: உள்ளே எதுவும் இல்லாத வெறும் பாவ். லேசான இனிப்பு. காய்ச்சல்காரருக்குக்கூடக் கொடுக்கலாம் போலிருக்கும்.

சாய் பாவ், அதாவது காய்கறி பாவ்: நான் ஏமாந்தது இதில்தான். பங்குவாங் என்கிற கிழங்கைத் துருவி வதக்கி வைப்பார்கள். வதக்கும்போது மணத்துக்கு உலர்ந்த இறால் போடுவது வழக்கம், நம் ஊரில் கூனி போடுவது மாதிரி. பெயரில் காய்கறி இருப்பதால் அது சைவம் ஆகிவிடாது.

பெரிய பாவ்: பன்றி இறைச்சி, அவித்த முட்டையில் பாதி எல்லாம் வைத்துக் கை நிறைய இருக்கும். கோழி பாவும் தனியாக உண்டு. என் கணவர் அசைவம், அவருக்கு இதுவே ஒரு வேளைச் சாப்பாடு. சில கடைகளில் கோழி பாவுக்குள்ளும் கொஞ்சம் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். கோழி என்றால் கோழி மட்டும்தானா என்று கேளுங்கள்.

உள்ளே பூரணம் சைவமாக இருந்து, மேல்மாவில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மாவு வெள்ளையாக, பஞ்சு மாதிரி வரப் பழைய கைகள் அதைச் சேர்ப்பார்கள். ஆகவே பூரணத்தை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், மாவையும் சேர்த்துக் கேளுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆவியில் அது மாவோடு மாவாக ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாது.

5. குவே: மேசையில் எது எது

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நமக்கு நெருக்கமான பலகாரங்கள் இவை. அரிசி மாவு, தேங்காய், வெல்லம், ஆவி. இதற்கு மேல் என்ன அறிமுகம் வேண்டும்? பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடித்த கை இருந்தால் பாதிக் குவேயின் செய்முறையைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

ஆங் கூ குவே: சிவப்பாக, ஆமை ஓடு மாதிரி அச்சில் அழுத்திய பலகாரம். பெயரின் பொருளும் சிவப்பு ஆமைதான். ஆமை நீண்ட ஆயுளுக்கு அடையாளம், அதனால் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறையும்போது உறவினருக்கும் நண்பருக்கும் கொடுப்பார்கள். அலுவலகத்தில் யாராவது ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தால் அவர் வீட்டில் குழந்தை பிறந்திருக்கலாம், வாழ்த்துச் சொல்லுங்கள். மேல்தோல் ஒட்டரிசி மாவு, பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்ப்பார்கள். உள்ளே தோல் நீக்கிய பாசிப்பருப்புப் பூரணம் அல்லது வறுத்த வேர்க்கடலையும் சர்க்கரையும். முதலில் பாசிப்பருப்பு வாங்குங்கள். உப்புப் பருப்பு என்று இன்னொன்று உண்டு, அதில் வதக்கிய சின்ன வெங்காயம் இருக்கும். அடியில் இருக்கும் வாழையிலைத் துண்டைத் தின்னக் கூடாது. எவர்ட்டன் பார்க்கில் இருக்கும் ஜி சியாங் கடை இந்த ஒரு பலகாரத்துக்கே பெயர் பெற்றது, உங்கள் பேட்டையில் கிடைக்காவிட்டால் அங்கே போகலாம்.

வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறவர்கள் கவனமாக இருங்கள். கடலையும் பருப்பும் ஒரே மேசையில், ஒரே கையால், ஒரே அச்சில் செய்வது. நிறம் மட்டும்தான் வேறு. பருப்புப் பூரணம் என்று வாங்கினாலும் கடலைத் தூள் ஒட்டியிருக்கும். கடுமையான ஒவ்வாமை என்றால் ஆங் கூ குவேயைத் தொடவே வேண்டாம்.

ஹுவாட் குவே: மேலே பூ மாதிரி வெடித்து நிற்கும் சின்னக் கேக். இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. நன்றாக வெடித்தால் செல்வம் பெருகும் என்று சாமிக்குப் படைப்பார்கள். இட்லி மாவில் சர்க்கரை போட்டு வேகவைத்தால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி. சாப்பிடத் தாராளமாக வாங்கலாம்.

ஒன்பதடுக்குக் குவே: அரிசி மாவும் மரவள்ளி மாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, ஒவ்வொரு அடுக்காக ஊற்றி வேகவைத்தது. வழக்கமாக முட்டை இல்லை, இறைச்சி இல்லை. குழந்தைகள் அடுக்கடுக்காக உரித்துத் தின்பார்கள், என் மகளும் அப்படித்தான். இதைக் குவே லாபிஸ் என்றும் சொல்வார்கள். ஆனால் அதே பெயரில் அடுப்பில் சுட்ட பழுப்பு நிறக் கேக் ஒன்றும் இருக்கிறது. அதில் முட்டையும் வெண்ணெயும் ஏராளம். முட்டை தவிர்க்கிறவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்காமல் வண்ண அடுக்கைக் கைகாட்டி வாங்குங்கள்.

ஒண்டே ஒண்டே: பச்சை நிறச் சின்ன உருண்டை, மேலே தேங்காய்த் துருவல், உள்ளே குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் உருகி நிற்கும். முழுதாக வாயில் போட்டு, வாயை மூடிக்கொண்டு கடியுங்கள். பாதி கடித்தால் வெல்லப்பாகு சட்டையில்தான். பச்சை நிறமும் மணமும் பண்டான் இலையிலிருந்து வருவது. இலங்கைக்காரர்களுக்கு ரம்பை என்றால் தெரியும்.

குவே சலாட்டில் அடியில் ஒட்டரிசி, மேலே பண்டான் கஸ்டர்ட், அதில் முட்டை உண்டு. டடார் என்பது பச்சை ஆப்பத்துக்குள் வெல்லத் தேங்காய் வைத்துச் சுருட்டியது, மாவில் முட்டை சேர்ப்பார்கள்.

இனிக் காரவகை. சைவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். சூன் குவே கண்ணாடி மாதிரித் தோலுக்குள் பங்குவாங்கும் மூங்கில் குருத்தும் வைத்தது. பிங் குவே இளஞ்சிவப்பில் பீச் பழ வடிவம், உள்ளே ஒட்டரிசிச் சோறும் வேர்க்கடலையும் காளானும். கூ சாய் குவேயில் பூண்டு வாசனை அடிக்கும் ஒரு கீரைத்தண்டு. சேப்பங்கிழங்கும் அரிசி மாவும் சேர்த்ததற்குப் பெயரே "ஓர்" குவே. இந்த நான்கிலும் உலர்ந்த இறால் இருப்பதுதான் வழக்கம், "ஓர்" குவேயில் சில இடங்களில் இறைச்சியும் இருக்கும். இறால் இல்லாமல் செய்கிற கடை உண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சுவீ குவே தனிக்கதை. சின்னக் கிண்ணத்தில் வேகவைத்த வெறும் அரிசி மாவு, பார்க்க மினி இட்லி. மேலே உப்பிட்ட முள்ளங்கியைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கிப் போடுவார்கள். அந்த எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம், பக்கத்தில் வைக்கும் மிளகாய் விழுதில் இறால் இருக்கலாம். தியோங் பாரு சந்தையில் இதற்கென்றே நாள்பட்ட கடை இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிற நண்பர்கள் அங்கே காலையில் போய்ச் சூடாகத் தின்றுவிட்டு வந்து நாள் முழுக்க அதைப் பற்றியே பேசுவார்கள்.

6. கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

"திஸ் ஒன் வெஜிடேரியன்?" என்று கேட்டால் "யெஸ், யெஸ், வெஜிடபிள்" என்று பதில் வரும். அது உங்கள் கேள்விக்கான பதில் இல்லை. "இறைச்சி இல்லையா?" என்று கேட்டாலும் போதாது. பலருக்கு இறைச்சி என்றாலே பன்றிதான், இறால் அந்தக் கணக்கில் வராது. ஆகவே பொருளைப் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள்.

உலர்ந்த இறாலுக்கு ஹொக்கியன் என்கிற சீன வட்டார மொழியில் "ஹே பீ". மாண்டரினில் "ஷியா மி". பன்றிக் கொழுப்புக்கு மாண்டரினில் "ஜூ யோ". "நான் சைவம்" என்பதற்கு "வோ ச்சி சூ". "ஆன்ட்டி, திஸ் ஒன் காட் ஹே பீ?" (இதில் ஹே பீ இருக்கிறதா?) என்று கேட்டீர்கள் என்றால் அவருக்குச் சட்டென்று புரியும். வயதானவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் இங்கே எல்லாரும் கூப்பிடுவார்கள், தயங்க வேண்டாம். வாங்கிப் போவதற்கு "டாபாவ்".

உச்சரிப்பு வராது என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் செய்த வழி: அலுவலகத்தில் சீன நண்பர் ஒருவரிடம், "இறைச்சி, மீன், இறால், பன்றிக் கொழுப்பு சாப்பிடமாட்டேன், முட்டையும் பாலும் சாப்பிடுவேன், எதை வாங்கலாம்?" என்று சீனத்தில் எழுதித் தரச் சொல்லிக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டேன். ஆன்ட்டி அதைப் படித்துவிட்டு மேசையைச் சுற்றி ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினார். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாதீர்கள், மனிதர் எழுதித் தந்ததே நல்லது.

சந்தேகமே வேண்டாம் என்றால் சீனச் சைவக் கடைக்குப் போங்கள். பௌத்தச் சைவக் கடைகளில் இறைச்சி, இறாலோடு வெங்காயம், பூண்டும் சேர்க்கமாட்டார்கள். வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் அருகருகே இருக்கின்றன. கும்பிட்டுவிட்டு நடந்துபோகும் தூரத்தில் ஃபார்ச்சூன் சென்டர் என்ற கட்டடம், உள்ளே சைவ உணவுக் கடைகள் நிறைய. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சீனர்கள் பலர் விரதம் இருப்பார்கள். அன்றைக்குச் சைவக் கடைகளில் கூட்டமும் இருக்கும், கூடுதல் வகைகளும் இருக்கும்.

7. ஹலால் பார்க்கிறவர்களுக்கு

"நோ போர்க், நோ லார்ட்" என்று எழுதியிருப்பதும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழ் கொடுப்பது முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம். அதன் சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கிறதா, அதில் இந்தக் கடையின் முகவரிதான் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று மூன்றையும் பாருங்கள். சின்னச் சீனக் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. மலாய்க் கடைகளில் மலாய்க் குவே வகைகள் கிடைக்கும். பாவுக்கு, ஹலால் சான்று பெற்ற பொட்டலங்கள் பேரங்காடியின் உறைபெட்டியில் இருக்கின்றன.

8. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது

எம்ஆர்டி ரயிலிலும் நிலையத்திலும் வாயில் வைக்காதீர்கள். அபராதம் 500 வெள்ளி வரை. பையில் மூடி எடுத்துப் போகலாம், தப்பில்லை. காலையில் பசியோடு ரயில் ஏறும்போது சூடான பாவ் கையில் இருந்தால் மறந்துபோகும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்து 300 வெள்ளி அபராதம். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள். மேசையில் டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தால் இடம் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

9. வீட்டுக்குக் கொண்டுவந்தால்

தேங்காய் போட்ட குவேயை அன்றே, முடிந்தால் மதியத்துக்குள் தின்றுவிடுங்கள். இந்த ஊர்ச் சூட்டில் தேங்காய்த் துருவல் சாயங்காலம் புளித்துவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் அரிசி மாவுக் குவே எல்லாம் கல்லாகிவிடும். நான் ஒரு பெட்டி ஆங் கூ குவேயை அப்படி வைத்துவிட்டு மறுநாள் தூக்கி எறியப் போனேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் ஐந்து நிமிடம் ஆவியில் வைக்கச் சொன்னார், மறுபடி மெத்தென்று வந்துவிட்டது.

அதற்குத் தனிப் பாத்திரம் வாங்க வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பானை போதும். தட்டில் எண்ணெய் தடவி, மூடிக்கு உள்ளே ஒரு துணி கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மூடியில் சேரும் நீர் பாவின் மேல் சொட்டித் தோல் சொதசொதவென்று ஆகும். குளிர்பெட்டியில் இருந்த பாவுக்கு ஆறேழு நிமிடம், உறைபெட்டியில் இருந்ததற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மைக்ரோவேவில் வைப்பதாக இருந்தால் ஈரத்துணியால் சுற்றி வைத்து உடனே தின்றுவிடுங்கள், ஆறினால் ரப்பர்.

10. விசேஷத்துக்கு மொத்தமாகச் சொல்லிவைப்பது

அலுவலகத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ ஒரு பெட்டி கொண்டுபோக வேண்டுமென்றால் மூன்று நாள் முன்னதாகவாவது கடையில் சொல்லுங்கள். சீனப் புத்தாண்டு சமயம் என்றால் இரண்டு மூன்று வாரம் முன்னால். கடையில் கொஞ்சம் முன்பணம் கேட்பார்கள், ஒரு சின்னத் துண்டுச்சீட்டில் எண்ணிக்கையும் எடுக்கும் நேரமும் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள், பெரும்பாலும் அதுதான் ஒரே சான்று. உடனே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பூரணத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். "ஐம்பது ஆங் கூ குவே" என்று மட்டும் எழுதியிருந்தால் பாதி பருப்பு, பாதி கடலை என்று கலந்து வரும்.

எடுக்கப் போகும்போது பெட்டியைத் திறந்து எண்ணிவிட்டுப் பணம் கொடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சைவத்தையும் அசைவத்தையும் தனித்தனிப் பெட்டியில் கட்டச் சொல்லி, மூடியின் மேல் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். அலுவலகத்தில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் ஹலால் சான்று உள்ள இடத்திலிருந்து அவர்களுக்கென்று வேறொரு பெட்டி வாங்கி, வேறு மேசையில், வேறு இடுக்கியோடு வையுங்கள்.